உங்கள் வலது பக்கத்தில் யார்?

துர்கா பூஜை முடிந்த கையோடு ஒரு நாள் காலை, என் மனைவி லலிதா எங்கள் ஃப்ளாட்டின் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பால் பாக்கெட்டோடு கீழே நின்றிருந்தேன். முதலில் குதிகால் தெரிந்தது. அப்புறம் பின்னல். கடைசியாகத்தான் முகம். படி இறங்குகிற ஆளுக்கு முகம் கடைசியில் வந்து சேருவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன இது, ரிவர்ஸ் கியரா?" என்றேன்.

"சும்மா, ஒரு சேஞ்சுக்கு" என்றாள்.

ஐம்பது வயதாகிற ஒரு கணக்கு டீச்சர், பாலிகஞ்சில், காலங்கார்த்தாலே, சேஞ்சுக்காகப் பின்பக்கமாகப் படி இறங்குவாளா? கேட்டால் நான் அடுத்த வேளை காபி கிடைக்காத ஆள். கேட்கவில்லை.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தேகப்பயிற்சியின் லட்சணம் தெரியும். நான் ஓடுவது மினிபஸ்ஸைப் பிடிக்க மட்டும். அதுவும் கண்டக்டர் கொஞ்சம் இரக்கமுள்ளவராக இருந்தால். லலிதா வேறு ஜாதி. நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஒரு ஜோடி ஷூ வாங்கினாள். பக்கத்திலிருக்கும் லேக்கைச் சுற்றி நடந்தாள்... ஓடினாள்... அப்புறம் நிறுத்தவே இல்லை. முழு மாரத்தானே ஓடி முடித்துவிட்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர்! எனக்கு டாக்ஸியில் போனாலே அலுப்பு தட்டுகிற தூரம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவள் ஓட்டத்தைப் பற்றி அல்ல. அவள் வலது கையில் இருக்கும் பச்சை நாடாவைப் பற்றி.

மௌசுமி என்று ஒரு பெண். கிடர்பூரில் வீடு. வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பஸ் பிடித்துத் தனியாக ஆபீஸ் போவாள், தனியாக வருவாள். ஆனால் ஓட வேண்டும் என்றால் மட்டும் கூட ஒருவர் ஓட வேண்டும். ஒரு முழ நாடா. இரண்டு நுனியிலும் ஒரு வளையம். ஒரு வளையம் மௌசுமியின் இடது கையில், இன்னொன்று லலிதாவின் வலது கையில். பள்ளம் வந்தால், நாய் குறுக்கே வந்தால், திருப்பம் வந்தால் நாடா லேசாக அசையும். மௌசுமிக்குப் புரிந்துவிடும்.

அந்த நாடா கடையில் வாங்கியதல்ல. லலிதா ஒரு பச்சைப் புடவைக்கு வைத்திருந்த ஃபாலைப் பிரித்து, இரட்டையாக மடித்துத் தைத்தது. அந்தப் புடவை இன்றைக்கும் ஃபால் இல்லாமல் பீரோவில் தொங்குகிறது.

இருவரும் சேர்ந்து அரை மாரத்தான்கள் ஓடியாகிவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் மௌசுமிக்கு முதல் முழு மாரத்தான். அதற்கு இருவருக்குள்ளும் ஓர் ஒப்பந்தம் - ஆரம்பக் கோட்டிலிருந்து முடிவுக் கோடு வரை ஒரே நாடா, ஒரே ஜோடி. நடுவில் கை மாறக் கூடாது. போட்டி விதி மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. இவர்கள் விதி கூடாது என்றது. மனிதர்கள் போட்டுக்கொள்கிற விதிகள்தான் எப்போதும் கடுமையாக இருக்கின்றன, இல்லையா?

இப்போது படிக்கட்டுக்கு வருவோம்.

லலிதாவின் இடது கெண்டைக்காலில் வலி. பின்பக்கமாக இறங்கினால் அது கொஞ்சம் குறையும். பூஜைக்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஐஸ் வைத்தாள். நுரை ரோலரைப் போட்டு உருட்டினாள். யூடியூபில் ஓர் ஆஸ்திரேலியர் சொன்னபடி சுவரைத் தள்ளினாள். வீட்டுச் சுவர் நகரவில்லை, வலியும் நகரவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்த பிறகு ஊரிலிருந்து வந்த தைலத்தை எடுத்துக்கொண்டு நானும் களத்தில் இறங்கினேன். பலம் கொண்ட மட்டும் அழுத்தித் தேய்த்தேன். அவள் கத்தினாள். கத்தினால் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன்.

"மௌசுமிகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாதீங்க" என்றாள். "நான் நின்னா அவளும் நிக்கணும். ரெண்டு வருஷமா இதுக்காகவே ஓடிட்டிருக்கா."

எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எதுவும் கிழியவில்லை, உடையவில்லை. "இது மிருதுவான திசுக்களோட பிரச்னை. அதுக்குன்னே ஒருத்தங்க இருக்காங்க, அங்கே போங்க" என்று ஒரு பெயரைச் சொன்னார். மிருதுவான திசு என்றால் என்ன? எலும்பு நீங்கலாக நம்மைக் கட்டி வைத்திருக்கிற சமாச்சாரம் எல்லாம்தான். தசை, தசைநார், அதன் மேல் போர்த்தியிருக்கும் உறை. எலும்பு உடைந்தால் ஊரே வந்து பார்க்கிறது. இதுகள் மக்கர் செய்தால், "இதெல்லாம் ஒரு வலியா" என்று போய்விடுகிறது.

காளிகாட் மெட்ரோவிலிருந்து கொஞ்ச தூரம். சந்தேஷ் விற்கிற இனிப்புக் கடைக்குப் பக்கத்துச் சந்தில் தரைத்தள வீடு. வாசலில் கோயிலுக்குப் போகிறவர்கள் செம்பருத்தி மாலையோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே ஒரு மேஜை, ஒரு கண்ணாடி, சுவரெல்லாம் தசைப் படங்கள். பிசியோதெரபிஸ்ட் ஷர்பானி. நாற்பது வயதிருக்கும். குட்டை உருவம், கட்டைக் குரல். ஒரு காலத்தில் நீண்ட தூர நீச்சல் வீராங்கனை. வங்காளம், இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்தடிப்பவர். எல்லாவற்றையும் தமிழாக்கித் தருகிறேன்.

லலிதா உட்கார்ந்ததும் ஷர்பானி முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன வாசனை?"

நான் பெருமையோடு தைலத்தின் வரலாற்றை ஆரம்பித்தேன்.

"நீங்களா தேய்ச்சீங்க? அழுத்தியா?"

"நல்லா அழுத்தி."

"ஆரே பாபா! அது கால். லுச்சி மாவு இல்லை" என்றார். லுச்சி என்பது இந்த ஊர் பூரி. அன்றிலிருந்து வீட்டில் பூரி போட்டால் நான் மாவுப் பக்கம் போவதில்லை.

அதன் பிறகு அந்தப் பெண்மணி வேலை செய்ததைப் பார்த்தேனே... அசந்துபோனேன்.

எங்கே வலிக்கிறது என்று கேட்டார், ஆனால் அங்கே நேராகப் போகவில்லை. லலிதாவை நடக்கச் சொன்னார். ஷூவைக் கழற்றச் சொன்னார். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அப்புறம்தான் மேஜை. கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்தார் - தேய்க்கவில்லை, சும்மா வைத்தார். நூல் சிக்கலில் முடிச்சு எங்கே என்று தேடுகிற மாதிரி விரல் மெதுவாகப் போனது. ஓர் இடத்தில் நின்றது. லலிதாவின் மூச்சும் நின்றது.

"மூச்சை விடுங்க தீதி. நீங்க மூச்சைப் பிடிச்சா தசையும் பிடிச்சுக்கும்." தீதி என்றால் அக்கா.

விரலை எடுக்கவில்லை, அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை. காத்திருந்தார். பிறகு பாதத்தை மட்டும் மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் விரல் ஒரு நூலளவு உள்ளே போனது. லலிதா தானாகவே பெருமூச்சு விட்டாள். நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டி வாங்க முடியாத பெருமூச்சு!

அங்கேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. கை தொடைக்குப் போனது. இடுப்புக்கு. முதுகுக்கு. வலது தோளுக்கு. இடது கெண்டைக்கால் வலிக்கு வலது தோளில் என்ன வேலை? கழுத்தின் வலது பக்கத்தைத் தொட்டதும் லலிதா, "அம்மா!" என்று துள்ளினாள்.

ஷர்பானி கையை எடுக்காமலே கேட்டார்.

"ஓடும்போது உங்க வலது பக்கத்துல யார் இருக்காங்க?"

எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. "கட்டிலில் நான் இடது பக்கம்தான்" என்று சொல்லிவைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"யாரையோ பார்த்துக்கிட்டே ஓடறீங்க. இந்தத் தோள் கீழே இறங்கியிருக்கு. உடம்பு வலது பக்கமா லேசா திரும்பியே இருக்கு. மேலே திருகிக்கிட்டு ஓடினா, தள்ளுற வேலையெல்லாம் இடது காலுக்கு. அது எத்தனை நாள் தாங்கும்? யார் அது?"

லலிதாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கணக்கு டீச்சர்கள் லேசில் அழமாட்டார்கள். மௌசுமி பற்றி, நாடா பற்றி, ஒப்பந்தம் பற்றி எல்லாம் சொன்னாள். "அவ என்னைவிடக் குட்டை. அவ கைக்குத் தோதா என் கையைத் தாழ்த்திக்குவேன். அவ கால் எங்கே படுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்."

ஷர்பானி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேர் ஓடற ஓட்டத்துக்கு ஒருத்தருக்கு வைத்தியம் பண்ணச் சொன்னா எப்படி? அடுத்த தடவை அந்தப் பெண்ணையும் கூட்டிட்டு வாங்க. நாடாவோட."

வெளியே வந்ததும் லலிதா சந்தேஷ் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். மௌசுமியைக் கூட்டிவர வேண்டும் என்றால் வலியைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண் மனசு உடைந்துபோகும். சொல்லாவிட்டால் கால் உடைந்துபோகும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் போன் செய்து, "ஒரு ஜெனரல் செக்கப்" என்று பொய் சொல்லிக் கூட்டி வந்தாள்.

காலை வேளை. சந்தில் கூட்டமில்லை. ஷர்பானி இருவரையும் நாடாவோடு சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடச் சொன்னார். செம்பருத்தி மாலை விற்கிறவர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். இரண்டு முறை போய் வந்தார்கள். ஷர்பானி வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மௌசுமி பேசிவிட்டாள்.

"லலிதாதியோட இடது கால்தானே?"

லலிதா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ரொம்ப நாளா தெரியும். இடது கால் தரையில விழற சத்தம் கொஞ்சம் லேட்டா வருது. நாடாவும் முன்ன மாதிரி ஆடலை."

"எப்போலேர்ந்து?" என்றாள் லலிதா.

"மழைக்காலத்துலேர்ந்து."

"ஏண்டி சொல்லலை?" லலிதாவுக்கு வங்காளம் மறந்து தமிழ் வந்துவிட்டது. மௌசுமிக்கு அது புரியாமலும் இல்லை.

மௌசுமி தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா நீங்க நிறுத்திடுவீங்க. எனக்கு ஓடணும் தீதி. அதனால தெரியாத மாதிரி இருந்துட்டேன். நான் செல்ஃபிஷ்."

"நான் மட்டும் என்ன? உனக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதானே பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓடினேன்."

நடுச்சந்தில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் ஏதோ வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். ஒரு முழ நாடா. அதில் இந்த முனை ஒளித்ததை அந்த முனை தெரிந்துகொண்டு, தெரிந்ததை அது ஒளித்து... இத்தனை மாதமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கிறார்கள்.

ஷர்பானி மட்டும் அழவில்லை. "ஆச்சா, முடிஞ்சுதா? இப்போ ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்றார்.

மௌசுமியின் தோளைத் தொட்டுப் பார்த்தார். இடது தோள், இடது கழுத்து... லலிதாவுக்கு வலதில் எங்கெங்கே முடிச்சோ, மௌசுமிக்கு இடதில் அங்கங்கே. கண்ணாடி பார்க்கிற மாதிரி! சேர்ந்து ஓடியவர்கள் சேர்ந்தே சிக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் தீர்ப்பு. லலிதா சில வாரங்களுக்கு ஓடக் கூடாது. வாராவாரம் இருவருக்கும் சிகிச்சை. "என் கை வழியைத் திறந்துதான் விடும். அந்த வழியில நடக்க வேண்டியது உங்க தசை" என்று சொல்லிப் பயிற்சிகள் கொடுத்தார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். லலிதா சமையலறை வாசற்படியில் நின்று, குக்கர் விசில் வரும் வரை அதைச் செய்வாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பருப்பு நன்றாகவே குழைந்தது. கடைசியாக, இனிமேல் இருவரும் பக்கம் மாற்றி மாற்றி ஓட வேண்டும். ஒரு நாள் வலது, ஒரு நாள் இடது.

அதுவரை மௌசுமியின் கால்கள் சும்மா இருக்கலாமா? ஜிம்மில் சைக்கிள் மிதித்தாள். காலையில் லேக்கைச் சுற்றி வேகநடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வது? நாடாவை மாட்டிக்கொண்டேன்.

மௌசுமி என்னை ஜாமாய்பாபு என்பாள். அக்கா புருஷனுக்கு இந்த ஊர் மரியாதை. மரியாதை அந்த வார்த்தையோடு சரி.

"ஜாமாய்பாபு, நீங்க மூச்சு விடறது பழைய ட்ராம் திரும்பற மாதிரி இருக்கு."

"ஜாமாய்பாபு, டீக்கடை வந்தாச்சா? நாடா அந்தப் பக்கமா இழுக்குது."

கேலி இருக்கட்டும். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் என் வலது தோள் வலித்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் நடந்த எனக்கே இப்படி என்றால், கிலோமீட்டர் கிலோமீட்டராக இன்னொருவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே ஓடியவள் எப்படித் தாங்கினாள்? இதுவரை அவள் மெடல்களை ஆணியில் மாட்டிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். அன்று சாயங்காலம் அவளைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

லலிதா மெல்ல ஓட ஆரம்பித்தாள். வலி இல்லை. பின்பக்கமாகப் படி இறங்குவது நின்றது. போட்டி நெருங்கியது. ஷர்பானி கடைசியாக ஒரு முறை காலை அழுத்தி, அசைத்து, குதிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"பாதி தூரம் ஓடலாம். அதுக்கு மேல ஓர் அடிகூட வேண்டாம்."

"வலியே இல்லையே!"

"இல்லைதான். முழுசும் ஓடினா வந்துடும். இத்தனை நாள் ஓடாத கால், தீதி. நான் உங்க ஒரு போட்டிக்கு வைத்தியம் பார்க்கலை. அறுபது வயசுலயும் நீங்க ஓடறதுக்குப் பார்க்கிறேன்."

ஒப்பந்தம் உடைந்தது. ஒரே நாடா, ஒரே ஜோடி என்பது போயிற்று. மௌசுமியும் பாதியில் நிற்பதா, அல்லது நாடா கை மாறுவதா?

அவர்கள் ஓட்டக் குழுவில் தேபாஷிஷ் என்று ஒரு கல்லூரி ஆசிரியர் உண்டு. அவர் அரை மாரத்தான் மட்டும் ஓடுகிறவர். இரண்டாம் பாதிக்கு அவர் வருகிறேன் என்றார். ஆனால் ஆறடி உயரம். லலிதாவின் நாடா அவர் கைக்கும் மௌசுமியின் கைக்கும் எட்டாது.

அன்று மாலை லலிதா பீரோவைத் திறந்து இன்னொரு புடவையை எடுத்தாள். நீலம். அதன் ஃபாலைப் பிரித்தாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் நீளமாக ஒரு நாடா தைத்தாள். தன் இடத்தில் ஓடப்போகிறவருக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. மைதானத்தில் பனிமூட்டம். பாதி தூரக் கம்பத்துக்குப் பக்கத்தில் நானும், நீல நாடாவோடு தேபாஷிஷும் நின்றோம். ஷர்பானியும் மங்கி குல்லா போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆளைக் காவல் காக்க வந்த போலீஸ் மாதிரி.

வந்தார்கள். லலிதா முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. களைப்பே இல்லை! சிரித்துக்கொண்டு வருகிறாள். கால் காற்று மாதிரி வருகிறது. இவள் நிற்கமாட்டாள்... இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

கம்பம் வந்தது. லலிதா வேகத்தைக் குறைக்கவில்லை. ஷர்பானி, "தீதி!" என்று கத்தினார்.

நின்றது மௌசுமிதான்.

நின்றதும் கையால் துழாவி, லலிதாவின் மணிக்கட்டிலிருந்து பச்சை வளையத்தை அவளே கழற்றினாள்.

"இன்னும் ஓட முடியும்டி. வலிக்கவே இல்லை" என்றாள் லலிதா.

"தெரியும் தீதி. இன்னிக்கு ரெண்டு காலும் ஒரே சத்தம். அதனாலதான் நிக்கச் சொல்றேன்."

பச்சை நாடாவைச் சுருட்டி லலிதாவின் உள்ளங்கையில் வைத்தாள். நீல நாடாவுக்குக் கையை நீட்டினாள். தேபாஷிஷ் மாட்டிக்கொண்டார். பனியில் இரண்டு பேரும் மறைந்தார்கள். லலிதா நின்ற இடத்திலேயே நின்றாள். ஷர்பானி அவள் தோளில் ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார். வலது தோளைக் கொஞ்சம் தடவியும் கொடுத்தார்.

முடிவுக் கோட்டில் வெகு நேரம் காத்திருந்தோம். பனி விலகி வெயில் வந்துவிட்டது. லலிதா உட்காரவே இல்லை. அவர்கள் வந்தபோது தேபாஷிஷ்தான் தள்ளாடினார். மௌசுமி கோட்டைத் தாண்டி, இன்னும் சில அடி ஓடி, நின்றாள். யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினாள்.

"லலிதாதி, எந்தப் பக்கம் இருக்கீங்க?"

லலிதா கூட்டத்தை விலக்கினாள். போய் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மௌசுமி அந்தக் கையை இழுத்து மெடலின் மேல் வைத்தாள்.

"நாம முடிச்சாச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். கட்டிலில் என் தலையணையை எடுத்து லலிதாவின் வலது பக்கம் போட்டேன். ஏன் என்று கேட்டாள். ஷர்பானி பக்கம் மாற்றச் சொன்னாரே என்றேன்.

அது ஓடுகிறவர்களுக்கு, என்றாள். ஆனால் இந்தப் பக்கம் திரும்பித்தான் சொன்னாள்.